புரவியின் வாய் ஏன் திறந்திருக்கிறது?

சுடுமண் சிற்பம் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அய்யனார் புரவியைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் பதில்களும் அங்கேதான் அதிகம் நிற்கின்றன.

மூன்றடி உயரப் புரவி ஒன்றைக் கல்லூரியில் கட்டினேன். ஐந்தாம் நாள் முன்கால்கள் இரண்டும் தோளருகே பிளந்தன. ஒன்பதாம் நாள் வயிற்றின் அடியில் நீளவாக்கில் விரிசல் ஓடியது. கண்மாய் மண்தான். சிமெண்ட் தரையில் நிறுத்தி, வயிற்றுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தேன். தவறு எங்கே?
— கவின்கலை மாணவர், கும்பகோணம்

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: சிமெண்ட் தரை, செங்கல் முட்டு.

கண்மாய் மண் காய்ச்சலிலேயே நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சுருங்கிவிடும். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே 60 செ.மீ. விட்டிருந்தீர்கள் என்றால், காய்ந்து முடிவதற்குள் அது ஏறக்குறைய 5 செ.மீ. குறைந்தாக வேண்டும். நாலு காலும் உள்ளே நகர வேண்டும் என்று அர்த்தம். தரை காலைப் பிடித்துக்கொண்டது, வயிறு இழுத்தது, இரண்டும் சேரும் தோளில் பிளந்தது. வயிற்று விரிசலுக்கு முட்டுதான் காரணம். மண் சுருங்கிக் கீழே இறங்கப் பார்க்கிறது, செங்கல் இறங்க விடவில்லை. அந்த இடத்தில் கிழியாமல் வேறென்ன செய்யும்?

அடுத்த முறை ஒரே அகலப் பலகையின் மேல் விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த மணல் பரப்பி, அதன்மேல் இரண்டு செய்தித்தாள் போட்டு நாலு காலையும் நிறுத்துங்கள். கால்கள் தாமாக வழுக்கிக்கொண்டு வரும்.

மண் கலவையை முகந்து அளந்தால் களிமண் 6 பங்கு, ஆற்று மணல் 2 பங்கு, உமி 1 பங்கு. உமி கிடைக்காவிட்டால் உடைந்த நாட்டு ஓட்டை ரவை பருமனுக்கு இடித்துச் சலித்து, மணலுக்குப் பதிலாக அதே 2 பங்கு சேர்க்கலாம். ஓடு ஏற்கெனவே வெந்தது, இனிச் சுருங்காது. சேர்த்த அளவுக்கு மொத்தச் சுருக்கமும் குறையும். உமி வேலை செய்வது சூளையில். எரிந்து போன இடமெல்லாம் நுண்துளை, நீராவி அது வழியாக வெளியேறும். மிதித்துப் பிசைந்த மண்ணை ஒரு வாரமாவது ஈரச் சாக்கு மூடி ஊறப் போடுங்கள்.

காய்ச்சலும் வேக்காடும் சேர்த்துச் சுருக்கம் பத்து விழுக்காடு என்று வையுங்கள். 90 செ.மீ. புரவி வேண்டுமென்றால் ஈரத்தில் 100 செ.மீ. கட்ட வேண்டும். 60 முதல் 70 கிலோ மண் பிடிக்கும்.

முதலில் கால்கள். 13 செ.மீ. குறுக்களவில், 40 செ.மீ. உயரத்தில், உள்ளே பொள்ளலாக நாலு குழாய். சக்கரத்தில் வனையலாம், கயிறு போல உருட்டிய மண் திரியைச் சுற்றியும் எழுப்பலாம். சுவர் அடியில் 2 செ.மீ., மேலே ஒன்றரை. நாலையும் ஒரே நாளில் முடித்துவிடுவது முக்கியம். ஒன்று நேற்றைய மண், ஒன்று இன்றைய மண் என்றால் சுருக்கமும் வேறாகும், புரவி நொண்டும். மேல் விளிம்பில் மட்டும் ஈரத்துணி சுற்றி, மற்ற பகுதியை அரைக்காய்ச்சலுக்கு விடுங்கள். நகம் கீறினால் தடம் விழ வேண்டும், பெருவிரலால் அழுத்தினால் குழியக் கூடாது. அதுதான் பதம். பெரும்பாலும் ஒன்றரை நாள் ஆகும்.

பிறகு முன்கால் இரண்டையும் ஒரு வளைவாகவும் பின்கால் இரண்டையும் இன்னொரு வளைவாகவும் இணையுங்கள். இரு பக்கமும் கீறி, அதே மண்ணைக் கரைத்த கூழைத் தடவி, அசைத்து அசைத்து அழுத்த வேண்டும். உள்பக்கம் ஒரு திரியை வைத்துத் தேய்த்து விட்டால் இணைப்பு நிற்கும். வயிற்றுக்கு முட்டு, இறுக்கிக் கட்டிய வைக்கோல் பொதி. மண் அமுக்கினால் அது அமுங்கிக்கொடுக்கும். வயிற்றின் அடித்தட்டு தன் எடையைத் தானே தாங்கும் பதத்துக்கு வந்ததும் அதையும் உருவிவிட வேண்டும்.

உடம்பை ஒரு நாளைக்கு 10, 12 செ.மீ.க்கு மேல் உயர்த்தாதீர்கள். திரியை மூன்று செ.மீ. தடிமனில் வைத்து, உள்ளே தட்டுக்கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி 1.8 செ.மீ.க்கு இறக்குவார்கள். சுவர் மெலிவது மட்டுமல்ல, திரிக்கும் திரிக்கும் நடுவே உள்ள இடுக்கும் இதில்தான் அடைபடுகிறது. தட்டாமல் விரலால் மட்டும் தேய்த்த உடம்பு, சூளையில் திரி திரியாகப் பிரிந்து வருவதைப் பார்க்கலாம். தலையைத் தனியாகச் செய்து, கழுத்து பதத்துக்கு வந்த பிறகு ஏற்றுங்கள். காது, வால், சலங்கை கடைசியில். அவை மெலிசானவை, முந்திக் காயும். ஆகவே அவற்றை மட்டும் பாலித்தீனில் சுற்றிவையுங்கள்.

காய்ச்சலுக்கு மூன்று வாரம். முதல் வாரம் முழுக்கச் சாக்கு மூடி, இரண்டாம் வாரம் நிழலில் திறந்து, மூன்றாம் வாரம் காற்றோட்டத்தில். கடைசி இரண்டு நாள் திருப்பித் திருப்பி வெயில். ஐப்பசி, கார்த்திகை என்றால் இதை இரட்டித்துக்கொள்ளுங்கள். காய்ந்ததா என்று அறியக் கருவி வேண்டாம். கன்னத்தைப் புரவியின் வயிற்றில் வையுங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.

புரவி எப்போதும் வாயைத் திறந்துகொண்டே இருக்கிறதே, கனைக்கிறது என்கிறார்கள். புராணக் காரணம் உண்டா?
— வாசகி, திருமயம்

கனைக்கத்தான் வேண்டும். அய்யனார் எல்லைக் காவல்காரர். ஊர் உறங்கிய பிறகு கருப்பரும் மற்ற பரிவாரமும் உடன்வர, வயலையும் கண்மாய்க் கரையையும் குதிரையேறிச் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. அரிக்கும் அரனுக்கும் பிறந்த சாஸ்தா, பூரணை புஷ்கலையோடு இருப்பவர், கையில் செண்டு என்றெல்லாம் கோயில் மரபு சொல்லும். ஊர்க்காரர்களுக்கு அவர் முதலில் மடைக்கும் மழைக்கும் பொறுப்பானவர். ராத்திரி ரோந்துக்கு வாகனம் வேண்டாமா? அதற்குத்தான் நேர்த்திக்கடனாகப் புரவி. புதுக்கோட்டை மாவட்டம் நமணசமுத்திரம் பக்கத்தில் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயிலுக்குப் போனால், வழி நெடுக வரிசை கட்டி நிற்கும் புரவிகளைப் பார்க்கலாம்.

சூளைக்காரரைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார். பொள்ளலான உடம்புக்குள் இருக்கும் நீராவியும் புகையும் வெளியேற வாசல் வேண்டும். வாய் ஒன்று, வாலடியில் உள்ள துளை ஒன்று. இரண்டும் இருந்தால் சூடான காற்று உள்ளே நுழைந்து ஓடும், வயிறு உள்ளும் புறமும் ஒரே மாதிரி வேகும்.

இந்தக் கண்ணோடு புரவியைத் திரும்பப் பாருங்கள். ஓடுகிற குதிரையாக ஏன் செய்வதில்லை? காலைத் தூக்கினால் அத்தனை எடையும் மீதி மூன்று காலில் இறங்கும், ஈர மண் தாங்காது. அதனால் தூண் மாதிரி நாலு கால். பெரிய புரவிகளில் வயிற்றுக்குக் கீழே ஒரு சிறு தூணோ உருவமோ நிற்கும். பக்தருக்கு அது பரிவாரம், கட்டுகிறவருக்கு நிரந்தர முட்டு. கழுத்து மாலையும் மார்புப் பட்டையும் பல புரவிகளில் இணைப்பு ஓடும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அலங்காரம் என்று ஒட்டிய பட்டை அங்கே இணைப்பையும் இறுக்கிப் பிடிக்கிறது. கதை முதலா, கைவேலை முதலா என்று பிரிக்கப் பார்ப்பது வீண். ரெண்டும் ஒரே மண்ணில் பிசைந்தவை.

சடங்கிலும் அப்படித்தான். செய்து முடித்த புரவியைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் விழாதான் புரவி எடுப்பு. அதற்கு நாள் குறித்ததும் ஊரார் தங்கள் மண்ணில் ஒரு பிடி எடுத்து, வெற்றிலை பாக்கோடு வேளாரிடம், அதாவது குயவரிடம் கொடுப்பார்கள். பிடிமண் என்று பெயர். அது வந்த பிறகுதான் வேலை தொடங்கும். முடிந்த புரவிக்கு எல்லாம் இருக்கும், கண் மட்டும் இருக்காது. எடுப்பு நாளில் கண் திறந்த பிறகே அது சாமியின் புரவி. அதுவரை அது வேளார் வீட்டு மண். பல ஊர்களில் பூசாரியும் அந்த வேளாரேதான்.

நன்றாகக் காயவைத்த பொம்மை மின்சூளையில் வெடித்துத் தூளாகிவிட்டது. மண்ணுக்குள் காற்றுக் குமிழ் இருந்திருக்கும் என்கிறார் பயிற்சியாளர். சரியா?
— வாசகர், கோவை

ஊர் முழுக்கப் பரவிய தப்பு. குமிழ்தான் வெடிக்கும் என்றால் புரவியின் வயிற்றைவிடப் பெரிய குமிழ் எது? வெடிக்க வைப்பது நீர். நீர் ஆவியானால் 1,700 மடங்கு இடம் கேட்கும். தடித்த சுவரின் நடுவில் ஒளிந்திருக்கும் சொட்டு ஈரம், சூளை 100 டிகிரியைச் சட்டென்று தாண்டும்போது வெளியேற வழியில்லாமல் சுவரையே பிய்த்துக்கொண்டு வருகிறது. குமிழ் இருக்கும் இடத்தில் ஈரமும் தங்கும் என்பதால் பழி குமிழின் மேல் விழுந்தது.

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடுமுன் பாருங்கள். மேல்தோல் மட்டும் செதில் செதிலாகப் போயிருந்தால் சூடு ஏற்றிய வேகம் அதிகம். தலை, பீடம் போன்ற தடித்த இடம் கட்டியாகத் தெறித்திருந்தால் உள்ளே காயவில்லை, அல்லது பொள்ளலாக்கவில்லை. சுவர் 2 செ.மீ.க்கு மேல் போகும் இடத்தையெல்லாம் பின்னால் குடைந்தே ஆக வேண்டும். வெடிக்காமல் நீளமாக, கூரிய விளிம்போடு ஒரு விரிசல் மட்டும் என்றால் அது பெரும்பாலும் ஆறும்போது வந்தது. 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும், இறங்கும்போது அதே இடத்தில் திடீரென்று சுருங்கும். சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது.

சிற்பத்துக்கு ஏற்ற வேகம்: 100 டிகிரி வரை மிக மெதுவாக, 90-ஐ ஒட்டி நாலைந்து மணி நேரம் நிறுத்தி, மூடியைச் சற்றே திறந்து வைத்து. கண்ணாடித் துண்டைத் துளையருகே காட்டினால் மூச்சுப் பட்டது போல மங்கும். மங்காத நிலை வந்த பிறகு மூடுங்கள். 200 வரை மணிக்கு 30 டிகிரி, 600 வரை மணிக்கு 60, 70. அதன்பின் மணிக்கு 100 போகலாம். 900 முதல் 950-ல் நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். 100-க்குக் கீழே வரும் வரை கதவில் கை வைக்காதீர்கள்.

சூளையிலிருந்து எடுத்தபோது அருமையாக இருந்த சிற்பத்தில், பத்து நாள் கழித்துச் சிறுசிறு குழிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளைப் புள்ளி.
— வாசகி, விருதுநகர்

சுண்ணாம்பு. உங்கள் பக்கத்து மண்ணில் சுக்கான் கல் அதிகம். கடுகளவு துண்டு ஒன்று மண்ணில் தங்கியிருந்தால் சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெளியே வந்ததும் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து உப்பும். மேலே இருக்கும் மண் தோலைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் சீக்கிரம் நடக்கும்.

மண்ணை நீராகக் கரைத்து 40 கண் (அங்குலத்துக்கு 40 துளை) சல்லடையில் வடித்த பிறகு பயன்படுத்துவதே தீர்வு. ஏற்கெனவே சுட்டதைக் காப்பாற்ற ஒரு கைவழி உண்டு. சூளையிலிருந்து எடுத்த இளஞ்சூட்டிலேயே முழுதாகத் தண்ணீரில் மூழ்கவைத்து, குமிழ் வருவது நிற்கும் வரை விடுங்கள். சுண்ணாம்பு உப்பாமல் கூழாகித் துளைகளில் அடங்கிவிட வாய்ப்பு அதிகம். வெறுமனே தண்ணீர் தெளிப்பது மட்டும் கூடாது. அரைகுறை ஈரம் இன்னும் கெடுக்கும்.

அய்யனாரை விட்டால் மண் சிற்பத்துக்கு வேறு கதை இல்லையா? எல்லாரும் குதிரையே செய்கிறோம்.
— இளம் சிற்பி, சென்னை

உண்டு, அதுவும் குயவர் வீட்டுக் கதைகளாகவே. சாலிவாகனன் குயவர் வீட்டில் வளர்ந்த பிள்ளை, விளையாட்டாகச் செய்து வைத்த மண் யானையும் குதிரையும் வீரரும் போர் வந்தபோது உயிர்பெற்று எழுந்தன என்பார்கள். அவன் பேரில் வழங்கும் சகாப்தம் கி.பி. 78-ல் தொடங்குகிறது. குதிரை வேண்டாம் என்கிற உங்களுக்கு இது உதவாது, விட்டுவிடுவோம்.

நாங்கள் சொல்வது திருநீலகண்டர். தில்லையில் திருவோடு வனைந்து அடியார்களுக்குக் கொடுத்த குயவர். மனைவி இட்ட ஆணையால் இருவரும் ஒரே வீட்டில் தொடாமல் வாழ்ந்து முதுமை அடைந்தார்கள். அடியார் வேடத்தில் வந்த சிவன் கொடுத்து வைத்த ஓடு காணாமல் போக, திருடவில்லை என்று மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் முழுகச் சொல்கிறார். தொட முடியாதே! ஒரு மூங்கில் தண்டின் இரு முனையையும் இருவரும் பிடித்து மூழ்குகிறார்கள், இளமையோடு எழுகிறார்கள். தொடாத இரண்டு உடம்பு, நடுவே ஒரு தண்டு. சிற்பிக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடைக்குமா?

கிடைக்கும் சிக்கலும் அந்தத் தண்டில்தான். இரு உருவத்தையும் தண்டையும் ஒன்றாகக் கட்டினால் மூன்றும் மூன்று வேகத்தில் சுருங்கும், மெலிந்த தண்டு முதலில் ஒடியும். உருவங்களைத் தனித்தனிப் பலகையில் கட்டுங்கள். கைகளில் துளை மட்டும் விடுங்கள். தண்டு 2 செ.மீ. கனம் என்றால் துளை ஈரத்தில் இரண்டரை செ.மீ. இருக்கட்டும். சுட்ட பிறகு இரண்டேகால் செ.மீ. ஆகும், தண்டு தளர்வாக நுழையும். தண்டை மண்ணில் செய்தால் மணல் படுக்கையில் கிடத்திச் சுடுங்கள், நிறுத்தினால் வளையும். நிஜ மூங்கிலையே செருகலாம் என்பதும் எங்கள் கட்சி. கதையில் மண் அல்லாத பொருள் அது ஒன்றுதான்.

இன்னொன்று தாழி. ஆதிச்சநல்லூரில் தாமிரபரணிக் கரையில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கணவனை இழந்தவள் ஒருத்தி, எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்து கொடு என்று குயவரைக் கேட்கும் சங்கப் பாடல் உண்டு. வண்டி ஆரத்தில் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் வந்த பல்லி போல அவனோடு வந்தவள் அவள். பல்லி ஒட்டிய ஒரு பெரிய வாய்த் தாழி, மனித உருவமே இல்லாமல்: யாராவது செய்து பார்க்கலாம்.

கண்மாய் மண்ணில் செய்த சிற்பத்துக்குக் கிளேஸ் போடலாமா? பச்சை நிறப் பளபளப்பு வேண்டும்.
— வாசகர், திருப்பூர்

கிளேஸ் என்பது சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு. கடையில் வாங்கும் உயர்சூட்டு கிளேஸ் 1,250 டிகிரிக்கு மேல் உருகுவது. அந்தச் சூட்டில் கண்மாய் மண்ணே உப்பி, உருகிச் சூளைத் தட்டில் ஓடிவிடும். அதற்கு 1,050 வரைதான் மரியாதை. உயர்சூட்டுப் பச்சை வேண்டுமென்றால் மண்ணையே மாற்ற வேண்டும். தொடக்கத்துக்கு எடையில் ஃபயர் கிளே 40, பால் கிளே 25, சைனா கிளே 10, பெல்ட்ஸ்பார் 10, சுட்ட மண் தூள் 15. இதில் சுருக்கம் 11, 12 விழுக்காடு வரும். முதலில் 10 செ.மீ. கோடு கிழித்த பட்டையைச் சுட்டு அளந்துகொள்ளுங்கள்.

கிளேஸுக்கு உலகம் முழுக்கப் பழகிய நாலு-மூன்று-இரண்டு-ஒன்று கணக்கு போதும்: ஒரு கிலோவுக்கு பெல்ட்ஸ்பார் 400 கிராம், குவார்ட்ஸ் 300, வைட்டிங் (சுண்ணாம்புக்கல் தூள்) 200, சைனா கிளே 100. தண்ணீர் ஏறக்குறைய ஒரு லிட்டர், 80 கண் சல்லடையில் இரண்டு முறை வடிக்க வேண்டும். இதோடு இரும்பு ஆக்சைடு 10 முதல் 15 கிராம் சேர்த்து, 1,280 டிகிரிக்குப் பக்கத்தில் காற்றைக் குறைத்துப் புகையோடு எரிக்கும் எரிவாயு அல்லது விறகுச் சூளையில் சுட்டால் செலடன் என்கிற வெளிர் பச்சை. அதே கலவை மின்சூளையில் வெறும் மஞ்சள்தான் காட்டும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் நிறைய. இரும்பு 80, 100 கிராம் போனால் கறுப்பு.

முதல் சூடு 900, 950. பிறகு ஈரப் பஞ்சால் தூசி துடைத்து, ஒரு மி.மீ. கனத்துக்கு மட்டும் கிளேஸ். தூசியும் விரல் எண்ணெயும் இருந்தால் அது முத்து முத்தாகச் சுருண்டு ஒதுங்கிவிடும். ரொம்பத் தடித்தாலும் அப்படியே. அடியில் அரை செ.மீ. வெறுமையாக விடாவிட்டால் சிற்பமும் தட்டும் ஒன்றாகிவிடும். ஆறிய பின் வலை வலையாகக் கீறல் விழுந்தால் கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது என்று பொருள். குவார்ட்ஸை 50 கிராம் கூட்டிப் பாருங்கள்.

எங்களைக் கேட்டால் முகத்துக்குக் கிளேஸ் வேண்டாம். இமையும் உதட்டோரமும் கண்ணாடிக்குள் மூழ்கிப் போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி இரும்பு ஆக்சைடு கலக்கிப் பூசி, உடனே பஞ்சால் துடையுங்கள். பள்ளத்தில் கறுப்பு தங்கும், மேட்டில் மண் தெரியும்.

உலர்ந்த தூளைக் கிளறும்போது என்-95 முகமூடி கட்டாயம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

பிளஸ் டூ முடித்த மகள் மண் சிற்பம்தான் படிப்பேன் என்கிறாள். வழி என்ன?
— தாய், சேலம்

சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. அங்கே செராமிக் தனிப் பிரிவு. கிளேஸ், சூளை, மூலப்பொருள் வேதியியல் பக்கம் ஆர்வம் என்றால் விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு உண்டு. ஊரே செராமிக் தொழில் ஊர் என்பதால் கண்ணெதிரே பாடம் நடக்கும். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து இந்திய ஸ்டுடியோ மட்பாண்டக் கலையின் ஒரு தலைமுறையே வெளிவந்தது. மீக்கர் மண் வீட்டையே உள்ளிருந்து எரித்துச் சுட்டுப் பார்த்தவர். அதே புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். இந்தியச் செராமிக் கலைக்கென்று மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்தும் கண்காட்சி (டிரையனாலே) முதல் முறையாக 2018-ல் ஜெய்ப்பூரில் நடந்தது. துறை வளர்கிறது, வருமானம் மெதுவாகத்தான் வரும். முதல் நாலைந்து வருடம் சிற்பம் விற்று மட்டும் சாப்பிட முடியும் என்று நம்ப வேண்டாம். கோப்பை, தட்டு, பயிற்சி வகுப்பு என்று எல்லாரும் ஏதோ ஒன்றைக் கூடச் செய்கிறார்கள்.

கல்லூரிக்கு முன் ஒரு கோடை விடுமுறை வேளார் பட்டறை எதிலாவது மண் மிதிக்கச் சொல்லுங்கள். மானாமதுரையோ, மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியோ. மண்ணின் பதம் குதிகாலுக்குத் தெரிய வேண்டும். அதைக் கற்றுத் தரும் பாடத்திட்டம் இல்லை.

மொட்டை மாடியில் சின்னச் சூளை போடலாமா?
— வாசகர், ஈரோடு

மாடியில் வேண்டாம். கான்கிரீட் சூட்டில் தெறிக்கும். வெறும் மண் தரையில் மூன்றடிக்கு மூன்றடி, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குங்கள். அடியில் விறகும் உமியும் நாலு விரல் உயரம், அதன்மேல் வறட்டி ஒரு வரிசை, பொம்மைகள் ஒன்றையொன்று தொடாமல், சுற்றிலும் மேலும் வறட்டி. ஒரு சாண் உயரப் பொம்மை ஏழெட்டுக்கு 70, 80 வறட்டி போதும். மேலே ஓட்டாஞ்சில்லு, வைக்கோல், அதன்மேல் சேறு பூசி நாலைந்து புகைத்துளை. பற்றவைக்கும் முன் பொம்மைகளை அடுப்படிச் சூட்டில் ஒரு பகல் வைத்திருங்கள். சாயங்காலம் தீ வைத்தால் மறுநாள் மதியம் திறக்கலாம். கறுப்புத் திட்டு வந்தால் அங்கே காற்றுப் போகவில்லை, அவ்வளவுதான். அது குறையில்லை.

சதுர்த்திப் பிள்ளையாரையும் சுட்டால் உடையாமல் இருக்குமே?
— வாசகி, தஞ்சை

சுட்ட பிள்ளையார் தண்ணீரில் கரைய மாட்டார்.

எங்கள் ஊர் அய்யனார் கோயிலில் பழைய புரவிகள் காது உடைந்து, கால் உடைந்து கிடக்கின்றன. சிமெண்ட் வைத்து ஒட்டி, பெயிண்ட் அடிக்கலாம் என்று இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஒன்றை என் தோட்டத்துக்குக் கேட்கலாம் என்றும் ஆசை.
— வாசகர், அறந்தாங்கி

ஆசையை விடுங்கள். கொடுத்த புரவி கொடுத்ததுதான். நின்ற இடத்தில் நின்று மண்ணாகப் போவது வரை அது சாமியுடையது. ஊர் அடுத்த எடுப்புக்குப் புதிது செய்துகொள்ளும். தோட்டத்துக்கு வேண்டுமென்றால் வேளாரிடம் சொல்லிப் புதிதாக ஒன்று செய்யச் சொல்லுங்கள், அவருக்கும் வேலை.

சிமெண்ட் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. சுடுமண் நீரைக் குடித்து நீரை விடும். சிமெண்ட் அதே அளவு விடாது, வெயிலில் அதே அளவு விரியவும் செய்யாது. இரண்டு மழைக்காலம் போனால் ஒட்டு அப்படியே இருக்கும், அதற்குப் பக்கத்தில் நல்ல மண் உடைந்திருக்கும். சிமெண்டில் உள்ள உப்பு மண்ணுக்குள் இறங்கி வெள்ளையாகப் பூக்கும்.

எனாமல் பெயிண்ட் அதைவிட மோசம். அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற முடியாமல் பெயிண்டுக்குக் கீழே தேங்கும். ஒரு வருடத்தில் படலம் உரியும், உரியும்போது நகக்கனத்துக்குப் புரவியின் தோலையும் கூட எடுத்துக்கொண்டு வரும். இளைஞர்களுக்குக் கை துறுதுறுக்கிறது என்றால் இப்போது நிற்கும் புதிய புரவிகளுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடிக்கட்டும். ஐந்து கிலோ நீற்றிய சுண்ணாம்புக்கு அரைக்கிலோ காவி, ஒரு இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, காலை வெயில் ஏறும் முன் இரண்டு கை.